கட்டுச்சோறும் கூட வந்தவர்களும்

பிரயாணம் என்றால் இக்காலத்தவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது பயணச்சீட்டும் இருக்கை எண்ணும்தான்; ஆனால், எழும்பூரில் மாலை மயங்கும் நேரத்தில் மீட்டர்கேஜ் வண்டி ஏறி, இரவெல்லாம் ஜன்னல் காற்றையும் கரித்தூளையும் முகத்தில் வாங்கிக்கொண்டு, மறுநாள் பொழுது ஏறிய பிறகு திருநெல்வேலியில் இறங்கிய தலைமுறையைச் சேர்ந்த எங்களுக்கோ, பிரயாணம் என்பது புறப்படுவதற்கு முந்தின நாள் அடுக்களையில் புளி ஊறப்போட்ட நாழிகையிலேயே தொடங்கிவிடும். டிரங்குப் பெட்டி பிறகுதான் கட்டிலுக்கடியிலிருந்து இழுக்கப்படும். படுக்கைச் சுருளின் வார்கள் பிறகுதான் சரிபார்க்கப்படும். முதற்காரியம் கட்டுச்சோறு.

ஊர் ஊராகப் போய் விதவிதமாக உண்டவர்களும்கூட, வெகு காலம் கழித்து, மனத்தில் தங்கியது எது என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டால், உணவுச்சாலைகளின் பெயர்களைக் காட்டிலும் வாழையிலைப் பொட்டலங்களையே அதிகம் ஞாபகங்கொள்வார்கள் என்பது என் அனுபவம். யார் அதைக் கட்டிக்கொடுத்தார்கள், யாருடைய முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து அதைப் பிரித்தோம் என்ற இரண்டும் சேர்ந்தே அதன் ருசியாக நாவில் நின்றுவிடுகின்றன. இதை வெறும் பழங்காலப் பற்று என்று ஒதுக்கிவிடலாகாது. கட்டுச்சோறு ஒரு சாஸ்திரம். அதிலே கைதேர்ந்தவர்கள் நம் வீட்டுப் பெண்மக்கள். அந்தக் கலைக்குரிய மரியாதையை நாம் இதுவரை உரிய அளவில் செலுத்தவில்லை என்றே எண்ணுகிறேன்.

ஒரு கட்டுச்சோற்றுக் கூடை நிறைய வேண்டுமானால், எந்த உணவு எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற கணக்கு கைவசம் இருக்க வேண்டும். தேங்காய் சேர்ந்தது எதுவாயினும் முதலில் உண்ணப்பட்டுவிட வேண்டும்; ஈரப்பசையும் இனிப்பும் உள்ள தேங்காய் வெயிற்காலத்தில் அரை நாள்கூடப் பொறுக்காது. அடுத்தது எலுமிச்சம்பழச் சாதம். எல்லாவற்றிற்கும் கடைசியாக, மறுநாளைக்கென்று ஒதுக்கப்படுவது புளியோதரை. புளியின் புளிப்பும், தாராளமான உப்பும், ஒவ்வொரு பருக்கையையும் போர்த்தியிருக்கும் நல்லெண்ணெயும் சேர்ந்து அதைக் கெடாமல் காக்கின்றன. ஆனால் இவை காப்பதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. புளிக்காய்ச்சலில் தண்ணீர் சுண்டி எண்ணெய் தனியே பிரிந்து மேலே மிதக்கும் வரையில் அடுப்பை விட்டு நகரக் கூடாது. சோற்றை உதிரியாக வடித்து, அகன்ற தாம்பாளத்தில் கொட்டி, ஆவி முழுவதும் அடங்கிய பிறகே பிசைய வேண்டும். சூட்டோடு கட்டிய சோறு தன் வியர்வையிலேயே கெட்டுப்போகும் என்பாள் என் ஆச்சி. வறுத்துப் பொடித்த எள்ளும் வெந்தயமும் இறுதியில்தான் தூவப்படும். கட்டிய அன்று மாலையைவிட மறுநாட் காலையில் புளியோதரை சுவையாக இருப்பதற்குக் காரணம், இரவெல்லாம் அந்தக் காரமும் புளிப்பும் சோற்றுக்குள் ஊறி இறங்குவதுதான். அதாவது, நாம் தூங்கிக்கொண்டு போகும் வேளையிலும் அது பக்குவமாகிக்கொண்டு வருகிறது.

தயிர்ச்சாதத்தின் சூட்சுமமோ இதற்கு நேர் எதிரானது. அங்கே சோறு குழைய வேண்டும். வீட்டில் உடனே உண்பதற்குப் பிசைவதுபோல் தயிரை நிறைய ஊற்றிப் பிசைந்து கட்டினால், வண்டி விழுப்புரம் சேர்வதற்குள் புளித்து, பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். காய்ச்சி ஆறிய பாலையே பெரும்பங்காக விட்டு, உறைமோர் விடும் கணக்கில் ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்து, ஓர் உருண்டை வெண்ணெயும் இட்டுப் பிசைந்தால், அந்தச் சோறு வழியிலேயே தானாக உறைந்து, உண்ணும் நேரத்திற்குச் சரியாகத் தயிர்ச்சாதமாகியிருக்கும். பசிக்கப்போகும் வேளையை முன்கூட்டியே எண்ணி, அந்த வேளைக்கென்று பால் அளக்கிற இந்தத் தீர்க்காலோசனையை எந்தப் பாடசாலையில் கற்றார்கள்? அதனோடு மாவடு, அல்லது கடித்தால் நாக்கு விறுவிறுக்கும் நார்த்தங்காய். வேறு எதுவும் வேண்டியதில்லை.

இட்டலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரயாண இட்டலிக்குச் சட்டினி ஆகாது. சட்டினி வழியும், கெடும். மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து, இட்டலியின் இரு புறமும் தடவி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்படி அடுக்கி, வாழையிலையில் வைத்துக் கட்டுவார்கள். அந்த இலையும் தோட்டத்தில் அறுத்தபடியே பயன்படாது. தணலில் காட்டி வாட்டினால்தான் மடிக்கும்போது கிழியாது. வாட்டிய இலையிலிருந்து எழும் மணத்தையும் இட்டலி ஏற்றுக்கொள்ளும். மேலே பழைய செய்தித்தாள் ஒன்று, வாழைநார்க் கட்டு ஒன்று. நல்ல பசியோடு அந்த நாரை அவிழ்த்தவர்களுக்கு மேற்கொண்டு நான் விவரிக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் செய்து முடித்தவள் பெரும்பாலும் வண்டி ஏறுவதில்லை என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். விடுமுறை முடிந்து நாங்கள் சென்னைக்குத் திரும்பும்போது, ஆச்சி வாசற்படியோடு நின்றுவிடுவாள். ரயிலடிக்கு வருவது தாத்தா மட்டுமே. ஆனால் தாமிரபரணிக் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, நள்ளிரவில் ஏதோ பெயர் தெரியாத நிலையத்தில் வண்டி நின்றிருக்கும்போது, "பசிக்குதா? ஆச்சி கொடுத்தது இருக்கு" என்று அம்மா சொன்ன கணத்தில், ஆச்சி எங்களோடு அந்தப் பலகை இருக்கையில் இருந்தாள். யாருக்குக் காரம் ஆகாது, எவனுக்கு நிலக்கடலை இல்லாவிட்டால் சோறு இறங்காது, எந்தக் குழந்தை அடிப்பொருக்கல் கேட்டு அழும் என்பவையெல்லாம் தெரிந்து, பொட்டலங்கள் வெவ்வேறாகக் கட்டப்பட்டிருக்கும். எதன்மேலும் பெயர் எழுதியிருக்காது, ஆயினும் மாறிப்போனதில்லை. நாரின் முடிச்சைப் பார்த்தே இன்னாருடையது என்று அம்மா எடுத்துக் கொடுத்துவிடுவாள்.

அந்த வண்டிகளின் அமைப்பும் கட்டுச்சோற்றுக்கு அனுகூலமாக இருந்தது. எதிரெதிரே இரு பலகைகள். ஒருவர் பொட்டலத்தைப் பிரித்தால் எட்டுப் பேருக்கு மணம் எட்டும். மணம் எட்டிய இடத்திற்குப் பங்கும் எட்டியாக வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். எதிரே இருப்பவர் முதலில் மறுப்பார். "இருக்கட்டும்மா, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்பார். அவர் சாப்பிடவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். "ஒரு வாய் எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி, பிள்ளைகளுக்குப் போக மிச்சம் கெடக்கு" என்று இலைத்துண்டில் வைத்து நீட்டியாகிவிடும். வாங்கிக்கொண்டவர் சும்மா இருக்கமாட்டார். அவர் பையிலிருந்து சீடையோ, அதிரசமோ, ஒரு சீப்பு வாழைப்பழமோ வெளியே வரும். அதன் பின்னர்தான் எந்த ஊர், யார் வீடு, எத்தனை பிள்ளைகள் என்ற சம்பாஷணை ஆரம்பமாகும்; திண்டுக்கல்லுக்குள் தூரத்து உறவு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டுவிடும். கண்டுபிடிக்கப்படாவிட்டாலும் பாதகமில்லை, மாமா என்றும் அத்தை என்றும் நாங்கள் அழைக்கத் தொடங்கியிருப்போம்.

வழியிலே உணவு அளிப்பதை நம் முன்னோர் எத்தனை உயர்வாக மதித்தார்கள் என்பதற்குப் பெரியபுராணத்தைக் காட்டிலும் சிறந்த சாட்சியம் வேண்டியதில்லை. சேக்கிழார் தரும் வரலாறுகளில், திருப்பைஞ்ஞீலிக்குப் போகும் வழியில் பசியாலும் தாகத்தாலும் வாடிய அப்பரடிகளுக்குச் சோலையும் குளமும் உண்டாக்கி, கட்டமுது தந்து, அவர் உண்டு இளைப்பாறிய பின் உடன் நடந்து வந்து மறைகிறார் இறைவன். சீகாழிக்கு அருகிலுள்ள திருக்குருகாவூருக்கு வெயிலில் தொண்டர் கூட்டத்தோடு நடந்துவந்த சுந்தரருக்குப் பந்தலிட்டுத் தண்ணீரும் கட்டமுதும் வைத்துக்கொண்டு ஒரு வேதியராகக் காத்திருந்தவரும் அவரே. பொன்னும் மணியும் தரவல்லவர், தம் அடியாருக்கு வழியில் எது தேவையோ அதை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து நின்றார் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நெகிழ்கிறது. எங்கள் வீட்டில் தாத்தா இந்த வரலாற்றை வேறெப்போதும் சொன்னதாக நினைவில்லை. எங்களோடு ரயிலில் வரும் சமயங்களில் பொட்டலம் பிரிக்கும்போது மட்டும் தவறாமல் சொல்வார்.

வீட்டுச் சோறு இருக்கிறதென்பதற்காக நிலையங்களை நாங்கள் புறக்கணித்தோம் என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். தென்தமிழ்நாட்டு ரயில் பாதையை ஊர்ப்பெயர்களால் அறிந்தவர்கள் உண்டு. நான் அதைத் தின்பண்டங்களால் அறிந்தேன். திருச்சிக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே மணப்பாறை. அங்கே விற்கும் முறுக்கு இருமுறை எண்ணெயில் வெந்தது, முதலில் அரைவேக்காடாக எடுத்து ஆறவைத்து மீண்டும் போட்டுப் பொரித்தது. அந்த ஊர்த் தண்ணீரின் இயற்கையான உவர்ப்பும் அதன் ருசிக்குக் காரணம் என்று மணப்பாறைக்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். மதுரையைத் தாண்டி விருதுநகர். அதற்கப்பால் சாத்தூர், காராச்சேவும் பிஞ்சு வெள்ளரியும். கரிசல் மண்ணில் வானம் பார்த்து விளைந்த நிலக்கடலையை வறுத்து வெல்லப்பாகில் சேர்த்து வார்க்கும் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்; அதை அடுத்துக் கடம்பூர், தட்டில் அடுக்கிய போளிகளோடு வண்டியோடு வண்டியாக ஓடிவரும் வியாபாரிகள். வண்டி அங்கே நிற்கும் நேரம் மிகக் குறைவு. சில்லறையை முன்னதாகவே உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அம்மா ஜன்னலோரம் ஆயத்தமாக இருப்பாள். இலையில் வைத்துக் கொடுத்த போளியில் விரல் பட்ட இடமெல்லாம் நெய் பளபளக்கும்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இலும் மணப்பாறை முறுக்குக்கு 2023இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு அதற்கு முன்பே, 2019இல் கிடைத்துவிட்டது. செய்தியைப் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷம், நம் தெருப்பிள்ளை ஒருவன் அரசாங்கப் பரிசு வாங்கிய செய்தியைக் கேட்டதுபோன்ற சந்தோஷம். அந்தந்த மண்ணுக்கும் நீருக்கும் உரிய பெருமையைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது நியாயமே. திருநெல்வேலி அல்வாவைப் பற்றி நான் எழுதாமல் போனால் எங்கள் ஊர்க்காரர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கை ஓயாமல் கிளறி, நெல்லையப்பர் கோயில் சந்நிதியில் மாலை வேளையில் சுடச்சுட இலையில் வழித்துத் தரும்போது அதை நின்றபடியே உண்பதுதான் முறை. ஊருக்கு எடுத்துக்கொண்டுபோவது வேறு, அங்கேயே உண்பது வேறு.

கட்டுச்சோறு கடலையும் கடந்தது. 1914ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, எழும்பூரில் ஏறியவர்கள் தனுஷ்கோடி வரையில் ரயிலில் வந்து, கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, அங்கிருந்து மீண்டும் ரயிலில் கொழும்புக்குப் போனார்கள். 'போட் மெயில்' என்ற அந்த வண்டியில் உறவினரைக் காணப் போனவர்களின் கூடைகளில் வடகமும் வற்றலும் முறுக்கும் இருந்தன. 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியையும், அதை நோக்கிச் சென்றுகொண்டிருந்த பயணிகள் ரயிலையும், அதிலிருந்த அத்தனை பேரையும் கொண்டுபோய்விட்டது. அந்த வண்டியிலும் யாரோ ஒரு தாய் கட்டிக்கொடுத்த சோற்று மூட்டைகள் இருந்திருக்கும் என்ற எண்ணத்தை என்னால் விலக்க முடிவதில்லை.

காலம் மாறிற்று. 1977இல் வைகை விரைவு வண்டி ஓடத் தொடங்கியபோது, காலையில் மதுரையில் ஏறி அன்றே சென்னையில் காரியம் பார்க்கலாம் என்ற அதிசயம் நிகழ்ந்தது. கட்டுச்சோற்றில் ஒரு வேளை குறைந்தது. பின்னர் அகலப்பாதை வந்தது. இரவு படுத்து விடியலில் விழித்தால் ஊர் வந்துவிடுகிறது. குளிர்சாதனப் பெட்டிகளில் ஜன்னல் திறப்பதில்லையாதலால் கடம்பூர்ப் போளி கண்ணாடிக்கு அப்பாலேயே நின்றுவிடுகிறது. கைப்பேசியில் கேட்டால் இன்ன நிலையத்தில் இன்ன சாப்பாடு என்று இருக்கைக்கே வந்து சேர்கிறது. இவற்றில் எதையும் நான் குறைகூறமாட்டேன். முதியவர்களும் நோயாளிகளும் இன்று பிரயாணம் செய்யும் சௌகரியத்தை அன்று எண்ணிப் பார்த்திருக்கவும் முடியாது. விடியுமுன் எழுந்து பத்துப் பேருக்குச் சோறு வடித்த பெண்களின் முதுகுவலியையும் நான் கண்டிருக்கிறேன். அந்தப் பாரத்தை அவர்கள் தலையில் மறுபடியும் ஏற்ற வேண்டுமென்று சொல்ல எனக்கு மனம் வராது. புளி கரைக்கவும் இலை வாட்டவும் ஆண்மக்களுக்குக் கைகள் இல்லையா?

என்னை வருத்துவது வேறு ஒன்று. அறிமுகமில்லாதவர் கொடுக்கும் உணவை வாங்கி உண்ண வேண்டாமென்று ரயில் நிலையங்களில் எச்சரிக்கிறார்கள். மயக்கமருந்து கலந்து கொடுத்துப் பொருளைப் பறித்த சம்பவங்கள் நடந்திருப்பதால் அந்த எச்சரிக்கை அவசியமானதே. என் பேரப்பிள்ளைகளுக்கும் நான் அதையே சொல்லி அனுப்புகிறேன். ஆனால் எதிர் இருக்கையிலுள்ள பெரியவர் ஒருவர் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, கொடுப்பதா வேண்டாமா என்று தயங்கி, பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தனியே உண்பதைக் காணும்போது துக்கம் தொண்டையை அடைக்கிறது. அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. அவரைப் போன்றவர்கள் பொருட்டு நான் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறேன்: அவர் முன்னிலையில் என் கட்டை அவிழ்த்து, அவர் காணவே நான் இரண்டு கவளம் உண்டு, அதே இலையின் மறுபாதியை அவர் பக்கம் நகர்த்துவது. பலர் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுவார்கள். அது அவர்கள் உரிமை. சிலர் எடுத்துக்கொள்வார்கள். அதன் பிறகு அந்தப் பெட்டியில் பேச்சுக் குரல் கேட்கத் தொடங்கும்.

ரயில்தான் வேண்டுமென்பதும் இல்லை. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று காவிரிக்கரைக் குடும்பங்கள் சித்ரான்னங்களைக் கட்டிக்கொண்டு படித்துறைக்குப் போவதும், சித்திரைப் பௌர்ணமியில் நிலவொளியில் எங்கள் ஊர் ஆற்றுமணலில் வட்டமாக அமர்ந்து ஆச்சி உருட்டிக் கையில் வைக்கும் கவளங்களை வாங்கி உண்டதும் இந்த வகையைச் சேர்ந்தவையே. கல்கி தம் 'பொன்னியின் செல்வ'னை ஆடிப்பெருக்கு நாளில் தொடங்கியது தற்செயல் என்று எனக்குத் தோன்றுவதில்லை. தமிழர்கள் குடும்பத்தோடு குதூகலமாக இருக்கும் ஒரு தினத்தைத் தேடியிருந்தால் அவருக்கு அதைவிட நல்ல தினம் அகப்பட்டிராது. வீட்டிலிருந்து கால் மைல் தூரம்தான் ஆறு. அதே சோற்றை வீட்டிலேயே உண்ணலாம். எனினும் மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு நடந்தால்தான் பசி எடுக்கிறது.

திரும்பும் பிரயாணத்தைப் பற்றி ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. சென்னையிலிருந்து போகும்போது சோறு கட்டிப்போன தூக்குப் பாத்திரத்தை ஊரில் கழுவிக் கவிழ்த்துவைப்பார்களே தவிர, வெறும் பாத்திரமாகத் திருப்பித் தருவதில்லை. கோடைவிடுமுறையின் கடைசி வாரம் முழுவதும் அதை நிரப்புகிற ஏற்பாடுகள்தாம் வீட்டில் நடக்கும்: மொட்டைமாடியில் காய்ந்த கூழ்வடகம், சீனியவரைக்காய் வற்றல், மோர்மிளகாய், சாக்கு மடிப்பில் சுற்றிய உடன்குடிக் கருப்பட்டி, ஜாடியிலிருந்து மாற்றிய மாவடு. சென்னை சேர்ந்த மறுநாள் அம்மா அவற்றைப் பங்குபோடுவாள். எங்கள் தெருவில் கும்பகோணத்தார் வீடு ஒன்று, பாலக்காட்டார் வீடு ஒன்று, நெல்லூரிலிருந்து வந்து குடியேறிய ஒரு தெலுங்குக் குடும்பம். அந்தத் தெலுங்கு அம்மாளுக்குக் கருப்பட்டி என்றால் உயிர். கருப்பட்டி போன தூக்கில் இரண்டு நாள் கழித்து ஆவக்காய் வந்து சேரும். அதை நானும் என் தங்கையும் சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து, கண்ணில் நீர் வழிய, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே தின்போம்.